முன்னால் நிற்கப்போவது எந்தக் குழு? சென்னையில் பேண்டு மாஸ்டராக விரும்பும் ஒருவனுக்கு

என்னிடம் எட்டு ஆண்டுகளாகக் கிளாரினெட் கற்றுக்கொள்ளும் மாணவன் ஒருவன் போன மாதம் மூன்று காகிதங்களோடு வந்தான். பெரம்பூர்ப் பையன். பங்குக் கோவில் பேண்டில் சைடு டிரம் அடிக்கத் தொடங்கி, பிறகு கிளாரினெட்டுக்கு வந்தவன். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டான், பி.காம். கடைசி செமஸ்டரில் இருக்கிறான். முதல் காகிதம் விமானப்படையின் இசைக்கலைஞர் ஆள்சேர்ப்பு அறிவிப்பு. இரண்டாவது, தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்று பேண்டு மாஸ்டர் வேலைக்கு வரச்சொல்லி அனுப்பிய கடிதம். மூன்றாவது, ஓர் இசைக் கல்லூரியின் டிப்ளமோ விவரம். காகிதம் இல்லாத நான்காவது வழியும் ஒன்று உண்டு. மாலையில் வீட்டிலேயே ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அதைப் பதினைந்தாக்கினாலே குடும்பம் நடந்துவிடும் என்பது அவன் அம்மாவின் கணக்கு.

"சார், எனக்கு வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ள விருப்பமில்லை. ஒரு பேண்டை நடத்த வேண்டும். எதற்குப் போகட்டும்?" என்று கேட்டான்.

அவன் சொன்ன ‘நடத்த வேண்டும்’ என்ற சொல்லைத் தராசாக வைத்துத்தான் நான்கையும் எடைபோட்டேன். அவனுக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் பிள்ளைகள் ராயபுரத்திலும் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

விண்ட் பேண்டு என்பது வயலின் குடும்பம் இல்லாத இசைக்குழு. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூபோனியம், டியூபா, கூடவே தாள வாத்தியங்கள். அமெரிக்காவில் இதற்குப் பள்ளியிலேயே தனி ஆசிரியர் உண்டு. இசைக் கல்வியில் பட்டம் பெற்று, ஆசிரியர் உரிமமும் வாங்கியவர்தான் அங்கே பள்ளி பேண்டின் தலைவர். குழுவை நடத்துவதும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அவருக்கு ஒரே வேலை, ஒரே சம்பளம். அந்த அடித்தளத்தின் மேல்தான் 1952இல் ஃபிரெடெரிக் ஃபென்னல் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் விண்ட் ஆன்சாம்பிள் என்ற தன் காற்றுக்கருவிக் குழுவைத் தொடங்கினார். ஜப்பானில் பேண்டுகளுக்கான தேசியப் போட்டி 1940இலேயே தொடங்கிவிட்டது. நமக்கு அப்படி ஒரு பதவி வாய்க்கவில்லை. கண்டக்டர் என்றாலும் நடத்துநர் என்றாலும் சென்னையில் பஸ்தான் நினைவுக்கு வரும். அந்த வேலைக்கென்று ஒரு நாற்காலி போடப்படாததால் பெயரும் நிலைக்கவில்லை. இங்கே அந்த வேலை துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு துண்டு பட்டாளத்தில், ஒன்று பள்ளியில், ஒன்று வீட்டுத் திண்ணையில், ஒன்று கல்லூரியில்.

வயலின் வாசிப்பவனுக்கு வயலின் வீட்டில் இருக்கிறது; நினைத்த நேரத்தில் எடுத்துப் பழகலாம். பேண்டை நடத்துகிறவனுக்கு முப்பது மனிதர்கள்தான் வாத்தியம். அவர்கள் வந்து முன்னால் உட்காராத நாளில் அவனுக்குச் சாதகம் கிடையாது. கண்ணாடி முன் நின்று கையை வீசிப் பழகலாம்தான். ஆனால் இரண்டாம் கிளாரினெட் ஏன் பிந்துகிறது, டிரம்பெட் ஏன் சுருதி ஏறிப்போகிறது என்று காது கண்டுபிடிக்க வேண்டுமானால் எதிரே ஆட்கள் இருந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி: வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒரு குழு உன் முன்னால் இருக்கும்? சம்பளம் அதற்கு அடுத்தது. அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. பசியோடு ஸ்கோர், அதாவது எல்லாக் கருவிகளின் பங்கும் எழுதிய இசைத்தாள், படிக்க முடியாது என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான்.

முதலில் சீருடை. நான்கு ஆண்டுப் படைப்பணிக்கான அக்னிவீர் திட்டத்தில் விமானப்படையும் கடற்படையும் இசைக்கலைஞர்களைத் தனியாகவே தேர்வு செய்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். திருமணமாகாதவராக இருக்க வேண்டும். வயது வரம்பு 21. என் மாணவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்பதால் வீட்டில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் சேவை நிதிக்குப் போக, கையில் 21,000 வரும். நான்காம் ஆண்டில் ஊதியம் 40,000 ஆகிறது. நான்கு ஆண்டு முடிவில் சேவை நிதியாக ஏறத்தாழ 10 லட்சம் ரூபாயும் அதற்கான வட்டியும் கிடைக்கும். அதன் பிறகு நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் 25 சதவீதம் வரைதான்.

நம் நாட்டில் காற்றுக்கருவி வாசிப்பவனைத் தினமும் உட்காரவைத்து, நல்ல கருவி கொடுத்து, உடைந்தால் பழுதுபார்த்தும் கொடுத்து, பழகச் சொல்லிச் சம்பளமும் தரும் இடம் ராணுவத்தைப் போல வேறொன்றை நான் பார்த்ததில்லை. மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் இருக்கும் ராணுவ இசைப்பள்ளி தலைமுறை தலைமுறையாக பேண்டு மாஸ்டர்களை உருவாக்கி வருகிறது. ஜனவரி 29ஆம் தேதி டெல்லி விஜய் சௌக்கில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியை ஒவ்வோர் ஆண்டும் நான் மாணவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த ஒழுங்கையும், ஊதும்போது அத்தனை பேரும் ஒரே மூச்சாக இருப்பதையும் பார்த்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

ஆனாலும் அங்கே நீ வரிசையில் ஒருவன். குழுவை நடத்துகிறவரின் கோலான பேட்டன் கையில் வருவதற்கு நீண்ட பணிக்காலம் வேண்டும், பச்மரிப் பயிற்சி வேண்டும், அதற்கு முன் அந்த 25 சதவீதத்துக்குள் வர வேண்டும். நான்கே ஆண்டில் வெளியே வந்தால் தேர்ந்த வாசிப்பாளனாக வருவாய். நடத்துகிறவனாக வருவாய் என்று சொல்ல முடியாது. காவல்துறை பேண்டில் இருபது ஆண்டாக யூபோனியம் வாசிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நிரந்தர வேலை, சொந்த வீடு, நிம்மதியான மனிதர். குடியரசு தினத்தன்று காமராஜர் சாலையில் அவர் நடந்து போகும்போது பெருமையாக இருக்கும். ஒருநாள்கூடக் குழுவை நடத்தியதில்லை; அந்த ஆசையும் அவருக்கு இருந்ததில்லை. வாசிப்பதே வாழ்வின் ஆசையாக உள்ளவனுக்குச் சீருடையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பள்ளி வேலையைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அதில்தான் என் ஆயுள் போயிருக்கிறது. 1998இல் வடசென்னைப் பள்ளி ஒன்றில் மாதம் 3,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. நான்கு சைடு டிரம், இரண்டு பேஸ் டிரம், ஒரு ஜோடி சிம்பல், ஆறு பியூகிள் என்ற ஊதுகொம்பு, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஒரு பெல் லைரா. பியூகிளில் வால்வு கிடையாது. குழாயின் இயற்கையான மேற்சுரங்கள் மட்டும்தான் வரும். நடுவில் உள்ள சுரங்களுக்கு வழியே இல்லை. ச ரி க ம என்று நேராக ஒருமுறை ஊத முடியாத கருவியை வைத்துக்கொண்டு பள்ளிகள் பல ஆண்டுகளாகப் பேண்டு நடத்துகின்றன. சத்தம் வரும், கம்பீரம் வரும், பாட்டு வராது. மூன்று ஆண்டு கெஞ்சி, மீரட் ஜாலி கோத்தியில் செய்த எட்டு கிளாரினெட்டுகளையும் நான்கு டிரம்பெட்டுகளையும் வாங்கவைத்தேன். பெட்டிகள் வந்திறங்கிய அன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

அந்த அறையில்தான் நான் நடத்தக் கற்றேன். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி-ஃபிளாட் கருவிகள்; தாளில் ‘சி’ என்று எழுதியதை வாசித்தால் பி-ஃபிளாட் ஒலிக்கும். ஆல்டோ சாக்ஸபோன் ஈ-ஃபிளாட். பெல் லைராவில் எழுதிய சுரமே மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். ஒரே பாட்டை மூன்று ஸ்கேலில் எழுதிக் கொடுத்தால்தான் ஒன்றாக ஒலிக்கும். கடையில் வாங்கும் ஸ்கோர் எதுவும் என் பிள்ளைகளின் கருவிகளுக்குப் பொருந்தாது. ஆகவே இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் பலத்துக்கு ஏற்ப எழுதினேன். மூன்று விரல் மட்டும் பழகிய பிள்ளைக்கு மூன்று சுரத்தில் ஒரு பங்கு, நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு முழு மெட்டு. எந்தக் கல்லூரியும் இவ்வளவு தீவிரமாக எனக்கு இதைக் கற்பித்திருக்காது.

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைப் பேண்டுக்கு எழுதலாம் என்று தோன்றியதும் அங்கேதான். கோட்டையில் வாசித்த ஐரோப்பிய பேண்டுகளின் மெட்டுகளைக் கேட்டு அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்த ஏறத்தாழ 40 பாடல்கள் அவை. எல்லாம் சங்கராபரணத்தில் அமைந்தவை. அதாவது மேஜர் ஸ்கேல். பேண்டிலிருந்து எழுந்ததை மறுபடி பேண்டுக்கே கொடுத்தபோது ஆண்டு விழாவுக்கு வந்த பாட்டிமார்கள் கூடவே பாடினார்கள். இந்த நகரம் இருநூறு ஆண்டுக்கு முன்பே காற்றுக்கருவிக் குழுவுக்குக் காது கொடுத்த நகரம். கத்ரி கோபால்நாத்தைச் சாக்ஸபோனின் பக்கம் இழுத்ததும் மைசூர் அரண்மனை பேண்டுதான். அதே கருவியோடு அவர் பிறகு சென்னைக்கு வந்து கர்நாடக இசை கற்றார். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டுக்காகவே 2008இல் சங்கீத கலாநிதி ஆனார். நம் பிள்ளைகளுக்கு இந்தக் கருவிகள் அந்நியமானவை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

பள்ளியின் கஷ்டங்களை மறைக்கவும் மாட்டேன். பயிற்சி காலை ஏழு மணிக்கு. எட்டரைக்கு மேல் மைதானத்தில் வெயில் ஏற ஏறக் கருவிகளின் சுருதியும் ஏறும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை வந்துவிட்டால் மைதானம் குளம். கடற்காற்றில் பித்தளை கறுக்கும், கிளாரினெட்டின் துளைகளை மூடும் பேடுகள் உப்பிக் காற்றை விடும். பத்தாம் வகுப்பு வந்ததும் பேண்டிலிருந்து பிள்ளையை எடுத்துவிடுவார்கள். மூன்று ஆண்டு உழைத்து உருவாக்கிய முதல் கிளாரினெட் ஜூன் மாதம் காணாமல் போய்விடும். அதே ஜூனில் மவுத்பீஸை எப்படிக் கவ்வுவது என்று புதுப்பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஏழாம் வகுப்புத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தை ஏற்படுத்தினால்தான் பேண்டு உயிரோடு இருக்கும்.

ஒரு பள்ளியில் சிறப்பு விருந்தினர் ஒருவருக்காகப் பிள்ளைகளை ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். பேஸ் டிரம் சுமந்த பையன் மயங்கி விழுந்தான். அன்று நிர்வாகத்தோடு சண்டை போட்டேன். அடுத்த ஆண்டு என்னை அழைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தச் சண்டையைப் போட்டதில் எனக்குத் திருப்திதான். பேண்டு என்றால் வரவேற்பு வளைவுபோல ஓர் அலங்காரம் என்று நினைக்கும் பள்ளிகள் இன்னும் பல இருக்கின்றன.

சம்பளத்தையும் சொல்கிறேன். பெரும்பாலான பள்ளிகளில் பேண்டு மாஸ்டர் ஆசிரியர் பட்டியலில் வரமாட்டார்; பயிற்றுநர் என்று எழுதித் தொகுப்பூதியம் தருவார்கள், கோடை விடுமுறைக்குச் சம்பளம் பிடிப்பார்கள். அரசுப் பள்ளிகளில் இசை உள்ளிட்ட பாடங்களுக்கு 2012இல் எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் போராடியதை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுப்பவரை இந்தச் சமூகம் இப்படி வைத்திருப்பது எனக்கு ஆறாத வருத்தம். இருந்தும் முதல் கேள்விக்குப் பள்ளியிடம் இருக்கும் பதில் வேறு யாரிடமும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், முப்பது நாற்பது பிள்ளைகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மணி நேரம் ஒரு குழு உன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தேசிய பள்ளி பேண்டு போட்டியில் பித்தளைக் கருவிக் குழுவுக்கும் பேக்பைப் வாசிக்கும் பைப் பேண்டுக்கும் ஆண்கள், பெண்கள் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. குழுவைத் தரத்துக்குக் கொண்டுவர அது ஒரு நல்ல இலக்கு.

வீட்டு வகுப்பு விஷயத்தில் மாணவனின் அம்மா சொல்வது பணக்கணக்கில் சரிதான். சென்னையில் கிரேடு தேர்வுக்கு நீண்ட மரபு இருக்கிறது. அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் டிரினிட்டி தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் வருகிற பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் கிதாரும்தான் வேண்டும். கிளாரினெட்டுக்கு வருகிற பிள்ளையும் ஆண்டுக்கு மூன்று பாட்டு, சில ஸ்கேல் என்று தேர்வுக்கான பாடத்தோடு நின்றுவிடும். பக்கத்தில் இன்னொருவன் வாசிப்பதைக் கேட்டு அதோடு இணைந்து வாசிக்கும் பழக்கம் அந்த அறையில் உண்டாகாது. என் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது இந்த மாலை வகுப்புகள்தான். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பகல் வேலைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதுவே முழு வேலையானால் நடத்தும் ஆசை மெல்ல மங்கிப்போகும். கூடவே அவன் தன் தேர்வுகளை எட்டாம் கிரேடோடு நிறுத்தக் கூடாது. கிரேடுகளுக்கு மேலே உள்ள டிரினிட்டியின் ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல். டிப்ளமோக்கள் அவனுடைய வாசிப்புக்கு மதிப்பைக் கூட்டும். பள்ளியோடு சம்பளம் பேசும்போதும் உதவும்.

கல்லூரி வழி. ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி வந்த பிறகு, ஹார்மனியும் காதுப் பயிற்சியும் முறையாகக் கற்க வெளிநாடு போக வேண்டிய நிலை மாறிவிட்டது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்து மேடையேற்றும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அதே முயற்சியிலிருந்து வந்தது. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் காற்றுக்கருவிக் குழுவை நடத்துவதையே முதன்மைப் பாடமாக எடுத்து மேற்படிப்பு படிக்க விரும்பினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைத்தான் பார்க்க வேண்டும். அங்கே உதவியாளர் பணியோடு கட்டணச் சலுகை கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் கேட்பது நீ ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் காணொளி. முன்னால் ஆட்களை உட்காரவைத்து, நிறுத்தி, திருத்தி, மறுபடி வாசிக்கவைக்கும் காட்சி. அந்தக் குழு எங்கிருந்து வரும்? சுற்றிச்சுற்றிப் பள்ளியின் மாடிப்படி அறைக்குத்தான் வந்து நிற்கிறோம்.

சினிமா ஒலிப்பதிவைப் பற்றி ஒரு வரி போதும்: கூப்பிட்டால் போய் வாசித்துவிட்டு வரலாம், அதை நம்பி வாழ்க்கையை அமைக்க வேண்டாம். கல்யாண பேண்டும் கோவில் பேண்டும் வேறு விஷயம். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவில் திருவிழா நாட்களில் நடந்துகொண்டே மனப்பாடமாக வாசிக்கும் அந்தக் கலைஞர்களின் மூச்சுப் பலத்துக்கு முன்னால் கிரேடு சான்றிதழ்கள் நிற்காது. என் மாணவனின் முதல் குருமார் அவர்கள்தான். அவர்களில் பலருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் என்ற ஐந்து கோட்டு இசைக்குறியீடு தெரியாது, அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர்களையும், பேண்டை விட்டுப்போன பழைய மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்தால் இருபது பேருள்ள ஒரு பெரியவர்கள் குழு உருவாகும். அப்படி ஒரு குழு இருந்தால் 1909இல் ராணுவ பேண்டுக்காக ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் எழுதிய ‘முதல் சூட்’ என்ற இசைத்தொகுப்பை அவன் வெறும் ஏட்டில் படித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மெல்ல மெல்ல வாசித்தே பார்க்கலாம்.

என் தீர்ப்பு பள்ளி வேலைதான். ஆனால் அந்தக் கடிதத்தில் உள்ளபடி அப்படியே ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு மட்டும் வரச்சொல்லும் ஏற்பாடு என்றால் மறுத்துவிட வேண்டும். பன்னிரண்டு மாதச் சம்பளம், தினமும் கால அட்டவணையில் ஒரு பீரியட், மழைக்காலத்துக்கு ஓர் அறை, ஆண்டுக்கு ஒரு தொகை கருவிகளுக்கு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டு வரையாவது விட்டுவைப்பது ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன். இதில் பீரியடும் பன்னிரண்டு மாதமும் கிடைக்காவிட்டால் வேறு பள்ளியைத் தேடலாம். மூன்று ஆண்டு அங்கே இருந்து, மாலை வகுப்பில் குடும்பத்துக்குச் சம்பாதித்து, ஒவ்வொரு மாதமும் பயிற்சியைக் காணொளியாக எடுத்து வைத்துக்கொண்டால், கல்லூரியா வெளிநாடா என்று அப்போது முடிவு செய்யலாம். அந்த இரண்டு கதவுகளும் இருபத்தைந்து வயதிலும் திறந்திருக்கும்.

சீருடைக் கதவு மட்டும் மூடிவிடும். அதனால்தான் அவனிடம் வீட்டு நிலைமையைக் கேட்டேன். அப்பாவுக்குக் கடன் இருந்தால், தங்கை படிப்புக்கு இவன்தான் என்றால், என் தீர்ப்பை மாற்றிக்கொண்டு விமானப்படைக்கே அனுப்பியிருப்பேன். நான்கு ஆண்டில் அந்தக் குடும்பம் நிமிர்ந்துவிடும். "கடன் இல்லை சார். ஆனால் அப்பாவுக்கு அந்த யூனிஃபார்ம் மேல் ஆசை" என்றான். அது அவன் அப்பாவோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். வேண்டுமானால் நானும் வருகிறேன் என்றேன்.

போன ஞாயிறு போய்ப் பேசினோம். அப்பா நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆகஸ்டு 15க்கு அணிவகுப்பில் போவார்களா?" என்று மட்டும் கேட்டார். போவார்கள் என்றேன். பள்ளி ஜூனில் திறக்கிறது. பையன் இப்போதே அங்கே போய் இருக்கும் கருவிகளைக் கணக்கெடுத்து வந்திருக்கிறான்: காற்று விடாத பியூகிள் நான்கு, தோல் கிழிந்த சைடு டிரம் இரண்டு, பெட்டியே திறக்கப்படாத டிரம்பெட் மூன்று. அந்த மூன்றும் எத்தனை ஆண்டாக அப்படியே கிடக்கின்றன என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வால்வுகளுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.